கிழக்கே நடந்த கிளுவை வேலி

மழை பெய்யாத வருஷத்தில் மாடு மேய்த்தவர்கள் சொன்னது பாதி, மழை பெய்த வருஷத்தில் அதைக் கேட்டவர்கள் சேர்த்துச் சொன்னது பாதி. ஆனால் வேலி நடந்தது மட்டும் முழுக்க முழுக்க நிஜம், அதில் ஒரு முள்கூடக் கூடுதல் கிடையாது.

காங்கேயம் பக்கத்து மொட்டப்பாறைவலசில் தெய்வாத்தாள் என்று ஒருத்தி. ஐம்பத்தாறு வயசு, நெட்டை உருவம், தலை குனியாத நடை. சாமி முன்னாலேயே கொஞ்சம்தான் குனிவாள் என்று ஊருக்குள் கேலி பேசுவார்கள். அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் குழந்தைசாமிக்கும் ஊருக்குக் கிழக்கே பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு இருந்தது. கொறங்காடு என்றால் உழுது விதைக்கிற காடு இல்லை, மாட்டுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவை இருக்கிறதே, அது குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடித்துக்கொள்ளும், கோடை முழுக்கச் செத்த முள் மாதிரி நிற்கும், ஒரு தூறல் விழுந்தால் மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக நிற்கும். அந்தப் பன்னிரண்டு ஏக்கரில் பதினோரு உருப்படி மாடு மேய்ந்தது, சாம்பல் நிற மயிலையும் செம்மண் நிறச் செவலையுமாக, தெய்வாத்தாள் மாதிரியே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

அதற்குக் கிழக்கே நாட்ராயன் காடு. அதுவும் கொறங்காடுதான், எட்டு ஏக்கர், ஆனால் மேட்டுக்காடு. அந்த மேட்டில் பெய்கிற மழைதான் வழிந்து, வேலிக்கு அடியில் நுழைந்து, தெய்வாத்தாள் காட்டுக் குட்டையில் வந்து சேரும். குட்டை நிறைந்தால் மாட்டுக்கு ஆறு மாசத் தண்ணீர், நிறையாவிட்டால் மாட்டை விற்கவேண்டியதுதான். இரண்டு காட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேலி. அந்த வேலிக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது, தண்ணீர் புழக்கம் கிடையாது.

எல்லாம் ஒரு மாட்டினால் வந்தது. தெய்வாத்தாளின் மயிலைப் பசு ஒன்று வேலியில் சந்து கண்டு அந்தப் பக்கம் போய் நாலு வாய் மேய்ந்துவிட்டது. நாட்ராயன் அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தொண்டுப்பட்டியில், களவு மேய்ந்த மாட்டை அடைக்கிற பட்டியில், அடைத்துவிட்டார். தெய்வாத்தாள் போய் மீட்டு ஓட்டிக்கொண்டு வருகிற வழியில் நாட்ராயன் வீட்டு வாசலில் நின்று, "இனி உங்கூட்டுத் தண்ணி என்ற தொண்டையில எறங்காது" என்று மூணாவது தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவரும் விடவில்லை, "எறக்கச் சொல்லி இங்க ஆரும் செம்போட நிக்கலீங்" என்றார். அவ்வளவுதான் சண்டை. அவ்வளவு சின்ன சண்டைதான் அவ்வளவு நாள் நிற்கும்.

அப்புறம் சைட்டு வந்தது. நாட்ராயன் காட்டுக்கும் கிழக்கே, தார் ரோடு வரைக்கும் கிடந்த சோளக்காட்டை வெளியூர்க்காரர்கள் வாங்கி, ஜேசிபி விட்டு நிரவி, வெள்ளைக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி, ரோட்டோரத்தில் ஒரு ஆர்ச்சும் வைத்து, 'வைரமகுடம் நகர்' என்று பேர் எழுதினார்கள். வைரமும் இல்லை, மகுடமும் இல்லை, நகரும் இல்லை. நாற்பது சைட்டும் ஒரு வாட்ச்மேனும்தான் இருந்தார்கள். அளவு பார்க்கிறோம் என்று சொல்லி, நாட்ராயன் காட்டுக் கிழக்கு வேலியையும் ஒரே நாளில் வாரி ஒரு ஓரமாகக் குவித்துவிட்டார்கள். நாட்ராயன் கேட்டதற்கு, "அதான் நீங்களும் குடுக்கப் போறீங்களே, அப்புறம் வேலி எதுக்குங்?" என்றான் புரோக்கர் மோகனசுந்தரம். அவனுக்குச் சட்டைப்பையில் ஒரு போன், கையில் ஒரு போன், பேசுவது எப்போதும் மூணாவது ஆளோடு.

தெய்வாத்தாளுக்கு இந்தச் சேதி பால் சொசைட்டியில் கிடைத்தது. "நாட்ராயண்ணன் காட்டையும் கேட்டிருக்காங்களாமா" என்றாள் ஒருத்தி. தெய்வாத்தாள் பாலை அளந்து ஊற்றிவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்கு வந்து, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குழந்தைசாமி முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்த மேட்ட நெரவிட்டா நம்ம குட்டைக்கு ஒரு சொட்டு வராது."

"வராது."

"மழை பூரா சாக்கடையில போயிரும். அடுத்த வருஷம் புல்லு போகும், அதுக்கடுத்த வருஷம் மாடு போகும், அப்புறம் அந்த மோகனசுந்தரம் நம்ம ஊட்டு வாசல்ல வந்து செருப்பக் கழட்டுவான்."

"கழட்டுவான்."

"காட்ட நாம வாங்கிக்கலாம்."

குழந்தைசாமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். டவுனில் அவருக்கு எட்டுத் தறி ஓடுகிற குடோன் ஒன்று இருந்தது, வாரத்தில் பாதி ராத்திரி அங்கேதான் படுப்பார். அதை விற்றால்தான் காடு. அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

"தறிச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வராதே தெய்வா."

"நான் பேசறேன், தூங்குங்க."

குடோன் போயிற்று. ஆனால் காட்டைக் கேட்க யார் போவது? குழந்தைசாமி போகிறேன் என்றார்; அவர் போனால் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவார் என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும். வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, விடிந்து பனி விலகுகிற நேரத்தில், இருபத்திரண்டு வருஷமாக மிதிக்காத வாசலை அவளே போய் மிதித்தாள்.

நாட்ராயன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில் இருந்துகொண்டு, காட்டைக் குடுத்துவிட்டு வாருங்கள் என்று தினமும் போன் போடுகிறவர்கள். தெய்வாத்தாளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"வா அம்மிணி" என்றார். நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரிதான் சொன்னார்.

"காட்ட எனக்குக் குடுங்கண்ணா."

"அவன் எம்புட்டுச் சொல்றான்னு தெரியுமா?"

"தெரியும். அம்புட்டு என்னால ஆகாது. ஆனா நான் மேட்ட மேடாவே வெச்சிருப்பேன்."

நாட்ராயன் தைலக் குப்பியை மூடினார். மூடியைத் திருகத் திருக யோசித்தார். "கொறையற காசுக்கு ஈடா நீ ஒண்ணு பண்ணோணும். எங்கூட்டுத் தண்ணி குடிச்சுட்டுப் போகோணும்."

தெய்வாத்தாள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நாலு பேர் வேலை இல்லாமல் வந்து நின்றிருந்தார்கள். நாட்ராயன் வீட்டுக்காரி பழனாத்தாள் இருபத்திரண்டு வருஷமாக இதற்கென்றே துலக்கி வைத்திருந்த மாதிரி ஒரு பித்தளைச் செம்பை நீட்டினாள். தெய்வாத்தாள் வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"தண்ணி உப்பு" என்றாள்.

"உப்புத்தான் அம்மிணி. நாங்க நெதமும் இதத்தான் குடிக்கறோம்."

செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மயிலை செத்துப் போச்சுங்கண்ணா" என்றாள்.

"தெரியும். அதோட பேத்தி நேத்து வேலிச் சந்துல தலைய விட்டு என்ற புல்லத் தின்னுட்டு இருந்துச்சு. நான் முடுக்கல."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் எழுதிவிட்டால் மட்டும் காடு கைமாறியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, காடு எங்கே முடிகிறது என்று எல்கை சொல்லவேண்டும். விற்றவரும் வாங்கியவரும் ஒரு கலயம் மோர் எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வந்து, வேலிக்குக் கொஞ்சம் மோர் ஊற்றி, இனி நீ நம்மவன், போய் உன் இடத்தில் நில் என்று சொல்லி, ஒவ்வொரு எல்கையிலும் வாங்கியவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும்: "இதுக்கு மேல நம்முளுது இல்ல." அதைச் சொல்லாமல் விட்டவர்கள் யாரும் கிடையாது. அது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பத்திரம் பதிந்த மறுநாள், ஊரே பார்க்க, பழனாத்தாள் கலயம் தூக்கி வர, தெய்வாத்தாள் எல்கை சொன்னாள். நடுவேலிக்கு மோர் ஊற்றி, "கெழக்கால போயி நில்லு" என்றாள். வடக்கே சின்னான் வகையறாக் காட்டு எல்கையில் நின்று, "இதுக்கு மேல நம்முளுது இல்ல" என்றாள். தெற்கே, இரண்டு வேலிக்கு நடுவில் வண்டி போகிற இட்டேறிச் சந்தில் நின்று, "இதுக்கு மேல நம்முளுது இல்ல" என்றாள். கிழக்கே வந்தாள். எதிரே வாரிக் குவித்த வேலி, வெள்ளைக் கல், காற்றில் படபடக்கிற கொடி, தூரத்தில் ஆர்ச்சு, ஆர்ச்சுக்குக் கீழே இரண்டு போனோடு மோகனசுந்தரம். பின்னால் ஊர் முழுக்க அவளையே பார்த்து நின்றது. சைட்டுக்காரனிடமிருந்து காட்டைப் பிடுங்கியவள் என்று அன்றைக்குக் காலையிலிருந்து நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து, அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டி மேலே வரவில்லை. உதட்டை அசைக்காமல் மோரை ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டாள். காற்று அடித்ததால் சொன்னது கேட்கவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது.

மறுநாள் பால் பீய்ச்சுகிற நேரத்தில் நடுவேலி நடக்க ஆரம்பித்தது.

ஆர்ப்பாட்டமாகவெல்லாம் இல்லை. சோளத்தட்டுக் கட்டை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு மாட்டைப் பீய்ச்சி முடிக்கிற நேரத்தில் ஒரு முழம் போகும். வேலியோடு பிரண்டைக் கொடியும் போயிற்று, கோவைக் கொடியும் போயிற்று, கொடியில் இருந்த சிட்டுக்குருவிக் கூடும் கூட்டில் இருந்த முட்டையும் போயிற்று, மேலே ஒரு ஓணான் பல்லக்கில் போகிற ராசா மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே போயிற்று, அடியில் ஒரு கௌதாரி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலி நிழல் விலகாமல் கூடவே நடந்தது. உச்சி வெயிலில் வேலி நிற்கும். வெயில் தாழ்ந்ததும் நடக்கும். பொழுது விழுந்தால் நிற்கும்.

குழந்தைசாமிதான் முதலில் பார்த்தது. வீட்டுக்கு வந்து, "தெய்வா, வேலி கெளம்பிருச்சு" என்றார். "வெயிலுக்கு முன்னாடி கெளம்புனாத்தான் நல்லது" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடியே.

ஊருக்கு அதைப் பற்றி ஆச்சரியப்பட நேரம் இல்லை. செய்யவேண்டியது நிறைய இருந்தது. நடக்கிற வேலிக்குத் தண்ணீர் ஊற்றலாமா, நின்ற பிறகுதான் ஊற்றவேண்டுமா என்று டீக்கடையில் இரண்டு கட்சி ஆனது. ஓடுகிற மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது, அதே மாதிரிதான் என்று ஒரு கட்சி. கோயில் நோன்பிக்குத் தேர் வரும்போது தெருவுக்குத் தெரு தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று இன்னொரு கட்சி. கடைசியில் நடக்கும்போது தெளிக்கலாம், நின்ற பிறகு ஊற்றலாம் என்று முடிவானது. பால் சொசைட்டிக்காரர் பால் எடுக்கிற நேரத்தை வேலி நிற்கிற நேரத்துக்கு மாற்றினார். பொரி விற்கிறவர் மூணாம் நாள் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒறம்பரை என்று விருந்துக்கு வந்தவர்களை மாப்பிள்ளை வீடு காட்டுகிற மாதிரி கூட்டிக்கொண்டு போய், "இதுதானுங் வேலி, நேத்து அந்த வேலாமரத்துகிட்ட இருந்துச்சுங்" என்று காட்டினார்கள். வேலாமரங்கள் குறுக்கே வந்த இடத்தில் வேலி இரண்டாகப் பிரிந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் கை கோர்த்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு, பத்து வருஷமாகப் பிரிந்திருந்த அண்ணன் தம்பி ஒரு ஜோடி சேர்ந்துவிட்டதாகச் சொல்வார்கள், அது மட்டும் சேர்த்துச் சொன்னது.

ஏன் நடந்தது என்று கேட்டவர்களுக்கு, "இருவத்திரண்டு வருஷமா ரெண்டு பக்கத்து வசவையும் கேட்டுட்டு நடுவுல நின்னுச்சு, கால் மரத்துப் போயிருக்கும்" என்று பழனாத்தாள் சொன்னாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் வேலி கிழக்கு எல்கைக்கு வந்தது. ஊர் திரண்டு நின்றது. நிற்கும் என்று பார்த்தார்கள். வேலி, வாரிப் போட்ட பழைய வேலியின் முள்ளை மிதித்து ஏறி, முதல் வெள்ளைக் கல்லைத் தாண்டி, வைரமகுடம் நகருக்குள் போயிற்று.

ஊரே கைதட்டியது. "போடு!" என்றார் டீக்கடைக்காரர். ஒருத்தர் துண்டைச் சுழற்றினார். தெய்வாத்தாள் மட்டும் கை தட்டவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளைத் தோளில் தூக்காத குறையாக ஊர் கொண்டாடியது. போகிற இடமெல்லாம் இலை போட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். வேலி ஒரு நாளைக்கு ஆறு சைட்டு சாப்பிட்டது.

மோகனசுந்தரம் அளக்கிற சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சர்வேயர் நல்ல மனுஷன், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், வேலியோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தார். "வேலி எங்க இருக்குதுன்னு எழுதலாமுங்க. எங்க போயிட்டு இருக்குதுன்னு எழுத இதுல எடம் இல்லீங்களே" என்று சொல்லி, 'வேலி பயணத்தில் உள்ளது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழனாத்தாள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் தெய்வாத்தாள் கண்ணில் பட்டது. சைட்டுப் பக்கம் நிலம் அகலம். வேலிக்கு இருக்கிற குச்சி அவ்வளவுதானே, அகலிக்க அகலிக்கச் சந்து விழுந்தது. முதலில் ஓணான் நுழைகிற சந்து, அப்புறம் ஆடு நுழைகிற சந்து. குருவி தன் கூட்டை விட்டுவிட்டு வேலாமரத்துக்கே திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வந்தாள். பேர் ரெஜினா மேரி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கையில் ஒரு சோற்றுத் தூக்குப்போசி, நெற்றியில் பஸ் வேர்வை. பதினாறு வருஷம் நின்றுகொண்டே பார்த்த வேலையில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு சைட்டு வாங்கியவள். ஞாயிறு தவறாமல் வந்து தன் நாலு கல்லுக்கு நடுவில் உட்கார்ந்து, இங்கே சமையல்கட்டு, இங்கே ஜன்னல் என்று பார்த்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். அன்றைக்கு அவள் சைட்டு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஊரில் விசாரித்துக்கொண்டு தெய்வாத்தாள் வீட்டுக்கு வந்து, செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, என்ற சைட்டு உங்க வேலிக்குள்ள இருக்குதுங்க. நான் உள்ள போயி உக்காந்து சோறு தின்னுட்டுப் போலாங்களா?"

சண்டைக்கு வந்திருந்தால் தெய்வாத்தாள் சமாளித்திருப்பாள். போலீசைக் கூட்டி வந்திருந்தாலும் சமாளித்திருப்பாள். தன் சொந்த நிலத்தில் உட்கார ஒருத்தி தன்னிடம் வந்து உத்தரவு கேட்கிறாளே என்றதும் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து ஏதோ இறங்கியது. "போயி உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, நேரே நாட்ராயன் வீட்டுக்குப் போனாள்.

அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் சொன்னார்: "வடக்கால சொன்னே. தெக்கால சொன்னே. கெழக்கால உன்ற வாய் அசையல. நான் பக்கத்துலதான் நின்னேன் அம்மிணி."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்கண்ணா?"

"எப்படிச் சொல்லுவேன்? என்ற வேலிய வாரிப் போட்டவன் மூஞ்சி செத்துப் போறதப் பாத்துட்டு நானும் பெருமையாத்தான் நின்னேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நாலு வாய் மேஞ்ச மாட்டுக்கே நான் தொண்டுப்பட்டி காட்டுனேன். நாப்பது சைட்டு மேயற வேலிய எங்க கொண்டுபோய் அடைக்கறது?"

தெய்வாத்தாள் சிரித்தாள். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. "வாங்க, பட்டியத் தொறந்து உட்டுட்டு வரலாம்" என்றாள். அவர் முழங்காலோடு எழுந்தார், அவள் கை கொடுத்தாள், பழனாத்தாள் கலயத்தை எடுத்துக்கொண்டாள்.

சேதி அவர்களுக்கு முன்னால் காட்டுக்குப் போய்விட்டது. கிழக்கு எல்கையில் ஊர் கூடிவிட்டது, ஆனால் அன்றைக்கு முகம் யாருக்கும் சரியில்லை.

"ஏங்க்கா, ஆர்ச்சுக்கு இன்னும் நாலே சைட்டுதான். விட்டுடுங்க, நாளைக்கு அதையும் தாண்டிரும்" என்றார் டீக்கடைக்காரர்.

"அவனுக நாட்ராயண்ணன் வேலிய வாரிப் போட்டபோது ஆரு கேட்டா?" என்றான் இன்னொருத்தன்.

"அதத்தான் நானும் பண்ணோணுமா?" என்றாள் தெய்வாத்தாள்.

"நீங்களா பண்ணுனீங்க? வேலி தானாப் போகுது."

"தானாப் போகல. நான் சொல்ல வேண்டியதச் சொல்லாம முழுங்கிட்டேன்." இதை அவள் தலை குனியாமல்தான் சொன்னாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. மோகனசுந்தரம் இரண்டு போனையும் பையில் போட்டுவிட்டு நின்றான். அவன் கை இரண்டும் சும்மா இருந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. தூரத்தில் ரெஜினா தன் நாலு கல்லுக்கு நடுவில், தூக்குப்போசியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெய்வாத்தாள் மோர் ஊற்றினாள். "இதுக்கு மேல நம்முளுது இல்ல" என்றாள்.

வேலி நடந்துகொண்டே இருந்தது.

"சித்தே சத்தமாச் சொல்லுங்க்கா. அது ஆர்ச்சுகிட்ட இருக்குது" என்றார் பொரிக்காரர், மரியாதையாகத்தான்.

தெய்வாத்தாள் மேட்டின் உச்சிக்கு ஏறினாள். திரும்பி ஒருதரம் மேற்கே பார்த்தாள்: தன் பன்னிரண்டு ஏக்கர், வாங்கிய எட்டு ஏக்கர், நடுவில் வேலி எழுந்து போன தடம் வகிடு மாதிரி, குட்டை, பதினோரு மாடு. தறிக்குடோனும் இருபத்திரண்டு வருஷ வீம்பும் ஒரு செம்பு உப்புத் தண்ணீரும் கொடுத்து வாங்கியது. முழுக்கத் தன்னுடையது. ஒரு முழம்கூட இரவல் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நாட்ராயன் வாசலில் நின்று போட்ட அதே குரலை, மூணாவது தெருவுக்குக் கேட்ட அந்தக் குரலை, வயிற்றிலிருந்து எடுத்துப் போட்டாள்:

"மேக்கால இருக்கறது அம்புட்டும் நம்முளுது! இதுக்கு மேல நம்முளுது இல்ல!"

வேலி நின்றது. ஓணான் தலையை ஆட்டுவதை நிறுத்தியது. அப்புறம், தாய் மாடு கூப்பிட்டுத் திரும்புகிற கன்று மாதிரி, முள்ளை ஒடுக்கிக்கொண்டு, ஏறுகிற பொட்டை வெயிலில், உச்சி வந்தும் நிற்பதை மறந்துவிட்டு, போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தது. போன அத்தனை நாள் தூரத்தையும் பொழுது சாய்வதற்குள் வந்து, எல்கையில் காலை ஊன்றி நின்றது. வழியிலேயே வேர் விட்டுவிட்ட சில குச்சிகள் மட்டும் வரமுடியாமல் சைட்டுக்குள் நின்றுவிட்டன. அதனால் வேலியில் இருபது முப்பது சந்து. பன்றி நுழையலாம், ஜேசிபியும் நுழையலாம்.

மறுநாள் காலையில் தெய்வாத்தாள் கிளுவைக் குச்சி வெட்ட அரிவாளோடு காட்டுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே ஆள் நின்றது. நாட்ராயன் தன் வீட்டு மாட்டுப்பட்டி வேலியிலிருந்து ஒரு குச்சி ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். சின்னான் வகையறாவில் ஒன்பது பேர் ஒன்பது குச்சியோடு வந்திருந்தார்கள். வடக்கே இருக்கிற தங்கள் காட்டுக்கு மோகனசுந்தரம் கொடுத்திருந்த முன்பணத்தை அன்றைக்குக் காலையில்தான் அவன் கையில் வைத்துவிட்டு வந்தார்கள். "தன்னுதில்லாதத இத்தன பேர் முன்னாடி திருப்பிக் குடுக்கற ஆளு பக்கத்துல காடு வெச்சிருக்கோம். அத விட்டுட்டு எங்க போறதுங்?" என்றார் மூத்தவர். டீக்கடைக்காரருக்குக் காடே கிடையாது. யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு குச்சியைக் கொண்டுவந்து, மற்றவர்களைவிட ஆழமாக நட்டார். பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஒன்று நட்டார். வெயில் ஏறுவதற்குள் சந்து அத்தனையும் அடைந்துவிட்டது. அந்த வாரமே மழை. வந்து நின்ற வேலியும் வைத்த குச்சியும் ஒரே பச்சையாகிவிட்டதில் எது யாருடையது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குட்டை நிறைந்து, கரை தொட்டு, மாட்டின் முகத்தைக் காட்டியது.

வைரமகுடம் நகர் அப்புறம் மேற்கே ஒரு முழம் வளரவில்லை. மோகனசுந்தரம் மட்டும் அசராமல், 'வேலி நடந்த காட்டை ஒட்டிய மனைகள்' என்று ஆர்ச்சுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு போர்டு வைத்தான். ஊர்க்காரர்கள் டவுனுக்குப் போய், எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "வேலி திரும்பி வந்த ஊருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ரெஜினா வீடு கட்டினாள். ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும், மேற்கே பார்த்து ஒரு ஜன்னலும். வேலியிலிருந்து பின்தங்கிப்போன கிளுவைக் குச்சி ஒன்று அவள் சைட்டு மூலையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. பால் காய்ச்சிய அன்றைக்குத் தெய்வாத்தாள் ஒரு போசி நிறையப் பால் கொண்டுபோனாள்.

"அக்கா, இந்தக் கிளுவ உங்களுதுதானுங்களே. வெச்சுக்கறதா, புடுங்கிக் குடுக்கறதா?"

"அது உன்ற எடத்துல நிக்குது கண்ணு. நம்முளுது இல்ல." இந்தத் தடவை அந்த வார்த்தை தொண்டையில் எங்கேயும் தட்டவில்லை.

ரெஜினா உள்ளே போய், புதுசாகப் போட்ட போரில் பிடித்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். தெய்வாத்தாள் அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்திச் செம்பைப் பார்த்தாள்.

"தண்ணி உப்பே இல்லையே. இந்தப் பக்கமெல்லாம் உப்பாச்சே?"

"உங்க மேட்டுல பெஞ்ச மழைதானுங்க்கா. மண்ணுக்கு அடியில வேலி இல்லீங்களே."

தெய்வாத்தாள் செம்பைக் காலி பண்ணிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் வீட்டில் இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தாள்.

வேலி இன்னும் அங்கேதான் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பாருங்கள், தண்ணீர் கேட்டால் இரண்டு பக்கத்திலும் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது மட்டும் வேலிப் படலைச் சாத்திவிட்டு வாருங்கள். உள்ளே மாடு மேய்கிறது.